நாலு கால் சக்களத்தி

என் வீட்டுக்காரன் மைனோல்ஃபின் கதையை எழுத ஒருத்திக்குத்தான் தகுதி உண்டு. அவனோடு முப்பது வருஷம் குப்பை கொட்டியவள் நான். பூங்காவுக்கு வருகிறவர்கள் மான்களைப் பார்த்துவிட்டு நேராக என் கடைக்கு வந்து, "எவ்வளவு அன்பான மனுஷர்! எவ்வளவு பொறுமை!" என்று என்னிடமே உருகுவார்கள். நான் கல்லில் கிடக்கும் சாசேஜைத் திருப்பிப் போட்டுக்கொண்டே "ஆமாமாம்" என்பேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்.

எங்கள் ஊருக்கு மேலே குன்றில் இருக்கிறது அந்த மான் பூங்கா. உள்ளே அகலக் கொம்புப் புள்ளிமான்கள். கடா ஒவ்வொன்றுக்கும் கொம்பு விரித்த கை மாதிரி இருக்கும். அவற்றுக்கு மைனோல்ஃப்தான் காவல், சமையல், வைத்தியம் எல்லாம். வாசலில் டிக்கெட், தீவனப் பொட்டலம், காபி, உருளை வறுவல், எல்லாவற்றுக்கும் நான். காலையில் அவன் வாளியைத் தட்டினால் மந்தை மொத்தமும் சரிவிலிருந்து இறங்கி வரும். பிள்ளைகள் வந்தால் வேலிக்குப் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்துகொள்வான். "கையை நல்லா விரிச்சு வைங்க. விரலை மடக்காதீங்க. அவங்களுக்கு மேல்வரிசையில முன்பல்லே கிடையாது, கடிக்க மாட்டாங்க. நாக்கு மட்டும் கூசும், அவ்வளவுதான்" என்று அரைமணி நேரம் பேசுவான். பயந்த பிள்ளையின் கைக்கு அடியில் தன் கையை வைத்துத் தாங்கிக்கொள்வான். அந்தப் பிள்ளை சிரித்தால் இவன் முகமும் மலரும்.

அதே வாய் வீட்டு வாசற்படி மிதித்ததும் பூட்டிக்கொள்ளும். "உப்பு." "மழை வரும்." "தூங்கப் போறேன்." இதுதான் எங்கள் வீட்டுப் பேச்சு. இதில் முக்கியமான சொல் ஒன்றை விட்டுவிட்டேன். "இந்தா." அது நான். ஞானஸ்நானத்தில் எனக்கு வால்புர்கா என்று பெயர் வைத்தார்கள். கல்யாணத்தன்று பாதிரியார் கேட்டபோது அந்தப் பெயரைச் சொல்லி ஒப்புக்கொண்டான். அதற்கப்புறம் நான் "இந்தா" ஆகிவிட்டேன்.

போன ஜூன் மாதம் யாரோ ஒரு புண்ணியவான் தன் நாயைக் கயிறு அவிழ்த்து விட்டுவிட்டான். மந்தை மிரண்டு ஓடியதில் ஒரு பெண்மான் வேலியில் மோதிக் கழுத்து முறிந்து செத்தது. அதன் குட்டி செடிக்குள் அசையாமல் படுத்துக் கிடந்ததாம். மைனோல்ஃப் அதைத் தன் ஜாக்கெட்டுக்குள் பொதிந்து எடுத்துக்கொண்டு என் சமையலறைக்குள் நுழைந்தான்.

"இந்தா, ஆட்டுப்பால் இருக்கா?"

"என் சமையலறையில ஆடு எப்போ கட்டினேன், பால் இருக்க?"

"யார்கிட்டயாவது வாங்கிட்டு வா. சீக்கிரம். பசிக்குது அவளுக்கு."

'அவளுக்கு.' அப்போதே எனக்குச் சுருக்கென்றது.

அடுப்புக்குப் பக்கத்தில் வைக்கோல் பரப்பி, பழைய கம்பளி விரித்து, அதன் பக்கத்திலேயே அவனும் படுத்துக்கொண்டான். பால்புட்டியைக் கவிழ்த்து இரண்டு சொட்டு மணிக்கட்டில் விட்டுச் சூடு பார்த்தான். எங்கள் மகள் பிறந்தபோது இந்தக் கை பால்புட்டியைத் தொட்டதே இல்லை. அவள் இப்போது ப்ரேமன் நகரத்தில் இருக்கிறாள். போனில் சொன்னேன், நம்ப மறுத்தாள். பால் குடித்து முடித்ததும் வெதுவெதுப்பான துணியால் குட்டியின் அடிவயிற்றைத் தடவிக் கொடுத்தான். தாய்மான் நக்கிக் கொடுத்தால்தான் குட்டிக்குச் சிறுநீர் வருமாம். அதையும் இவனே செய்தான்.

செய்துவிட்டுப் போகட்டும். வாயில்லாச் சீவன். நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரி இல்லை. ஆனால் அவன் பேசினான் பாருங்கள், அதுதான் என்னைக் கொளுத்தியது.

"குடிச்சிடு என் தங்கம். ஐயோ, என் செல்லம் எப்படி முட்டுது பாரு. எல்லி... எல்லிக்குட்டி... என் ராஜாத்தி..."

அடுப்பில் சூப்பைக் கிளறிக்கொண்டிருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது. இந்தச் சொற்களெல்லாம் இந்த மனுஷனுக்குத் தெரியுமா? முப்பது வருஷமாக எங்கே ஒளித்து வைத்திருந்தான்?

அந்த ஜாக்கெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பச்சைக் கம்பளி ஜாக்கெட், அவன் அப்பா காலத்தது. நனைந்த கம்பளி, புகையிலை, மக்காச்சோளத் தூசி, மான் வாடை எல்லாம் சேர்ந்து ஒரு மணம். துவைக்க எடுத்தேன். பிடுங்கிக்கொண்டான்.

"பைத்தியமா உனக்கு? இந்த வாசனையை வச்சுத்தான் அவ என்னை அடையாளம் கண்டுக்கிறா. துவைச்சா பால் குடிக்க மாட்டா."

"நான் உன்னை எதை வச்சு அடையாளம் கண்டுக்கிறேன்னு என்னைக்காவது கேட்டியா?"

"என்ன?"

"ஒண்ணுமில்ல. சூப் ஆறுது, வா."

கடையில் என்னோடு வேலை பார்க்கும் ஹெட்டிக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. "என்ன வால்புர்கா, வீட்டுக்குப் புது மருமக வந்திருக்காளாமே?"

"மருமகளாவது! சக்களத்தி. நாலு கால் சக்களத்தி."

"நல்ல உயரமா?"

"காலைப் பார்த்தியா நீ? குச்சி குச்சியா. கண்ணு மட்டும் முகம் முழுக்க. இதுல என்னத்தைக் கண்டான்னு தெரியல."

ஹெட்டி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

ஜூலையில் ஊர்த் திருவிழா வந்தது. துப்பாக்கிக் கழகத்துக்காரர்கள் கம்பத்து உச்சியில் மரப்பறவையை வைத்து வரிசையாகச் சுடுவார்கள். கடைசித் துண்டை யார் வீழ்த்துகிறானோ அவன் ஒரு வருஷத்துக்கு ராஜா. ராஜா தனக்கு ஒரு ராணியைத் தேர்ந்தெடுப்பான். இந்த வருஷம் வீழ்த்தியது ரொட்டிக்கடை ஏவால்ட். பெண்டாட்டி செத்து நாலைந்து வருஷம் ஆன மனுஷன். மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டு, சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு நடக்கிறவன். பீர் மேசைகளுக்கு நடுவே எல்லோரும் பார்க்க நேராக எங்களிடம் வந்து நின்றான்.

"மைனோல்ஃப், உன் வீட்டம்மாவை ராணியா வரச் சொல்லிக் கேட்கலாமா?"

ஹெட்டி என் முழங்கையை இடித்தாள். என் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. ஏவால்ட் கூப்பிட்டதற்காக இல்லை. இப்போது இவன் என்ன சொல்லப்போகிறான் என்பதற்காக. ஒரு முறை முறைக்கட்டும். 'ஏன், ஊர்ல வேற பொம்பளையே இல்லையா?' என்று ஒரு வார்த்தை கேட்கட்டும். எனக்கு வாழ்க்கையில் பெரிய ஆசை எதுவும் இருந்ததில்லை. ஒரே ஒரு தடவை இந்த மனுஷன் எனக்காக வயிறு எரிய வேண்டும். அதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

மைனோல்ஃப் பீர் நுரையைத் துடைத்துக்கொண்டான். "தாராளமாக் கூட்டிட்டுப் போ. ஆறு மணிக்கு நான் எல்லிக்குப் பால் குடுக்கணும், எப்படியும் நிக்க முடியாது." அப்புறம் என் பக்கம் திரும்பி, "இந்தா, கால் வலிக்காத செருப்பாப் போட்டுக்க" என்றான்.

மேசையே வெடித்துச் சிரித்தது. நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது?

பச்சைப் பட்டுக் கவுன், தலையில் கிரீடம், முன்னால் மேளதாளம். ஏவால்டின் கையைக் கோத்துக்கொண்டு தெருத் தெருவாக ஊர்வலம் போனேன். மைனோல்ஃப் கழகச் சீருடையில் நாலாவது வரிசையில் நடந்து வந்தான். திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வந்தான். ஆட்டம் தொடங்கியபோது வேண்டுமென்றே ஏவால்டோடு கொஞ்சம் ஒட்டியே ஆடினேன். அவன் சொன்ன அசட்டு ஜோக்குக்கெல்லாம் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தேன். யார் பார்க்க? பார்க்க வேண்டியவன் இருந்த நாற்காலி காலியாகக் கிடந்தது.

"உன் ஆளு எங்கே?" என்றான் ஏவால்ட்.

"இன்னொரு ராஜாத்திகிட்ட" என்றேன்.

வெளிச்சம் இருக்கும்போதே தலை வலிக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ராணி பாதியில் எழுந்து வந்தால் ஊர் பேசும், பேசட்டும். கிரீடத்தோடு சமையலறைக் கதவைத் திறந்தேன். அவன் கம்பளியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். குட்டியின் தலை அவன் தொடையில். என்னை ஏறிட்டுப் பார்த்தான், கிரீடத்தையும் பட்டுக் கவுனையும் எல்லாம் பார்த்தான். உதட்டில் விரலை வைத்தான்.

"மெதுவா வா. இப்பத்தான் தூங்கினா."

கிரீடத்தைக் கழற்றி உருளைக்கிழங்குக் கூடையில் போட்டேன்.

அதற்கு அடுத்த வாரம் வைக்கோல் பரணில் ஏறும்போது ஏணி சறுக்கி விழுந்தான். இடுப்பெலும்பு முறிவு. ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போகும்போது முகமெல்லாம் வெளுத்து, "எல்லி... எல்லியை..." என்று முனகினான். ஆம்புலன்ஸ்காரர் என் தோளைத் தட்டி, "பயப்படாதீங்க எல்லி அம்மா, ஒண்ணும் ஆகாது" என்றார். அந்த நேரத்திலும் எனக்கு வந்தது பாருங்கள் ஒரு ஆத்திரம்!

அன்று குட்டி என் கையிலிருந்து பால் குடிக்கவில்லை. புட்டியை நீட்டினால் தலையை வெட்டித் திருப்பிக்கொண்டது. கதவைப் பார்த்துக் கீச்சுக் கீச்சென்று கத்தியது. மறுநாளும் அப்படியே. பூங்கா டாக்டரம்மா வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். "சாயங்காலத்துக்குள்ள குடிக்கலைன்னா இது பிழைக்காது, வால்புர்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அறுவை சிகிச்சை முடிந்து மயக்கம் தெளிந்ததும் மைனோல்ஃப் போன் செய்தான்.

"எப்படி இருக்கா?"

"உனக்கு இடுப்பு எப்படி இருக்கு?"

"அது கிடக்கட்டும். குடிச்சாளா?"

"இல்ல. உன்னைத் தேடிக் கத்துது."

குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "என் ஜாக்கெட்டைப் போட்டுக்கிட்டுக் குடு. தயவு பண்ணி."

தயவு பண்ணி! இதையும் நான் கேட்டேன், இந்தக் காதால். எனக்காக இல்லை, அவளுக்காக.

ஆணியில் தொங்கிய ஜாக்கெட்டை இரண்டு விரலால் எடுத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு மாட்டினேன். கை நீளம் விரலை மூடியது. குட்டி தலையைத் தூக்கியது. தள்ளாடிக்கொண்டே வந்து என் மார்பில் மூக்கை முட்டித் தேடியது. புட்டியை வாயில் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டு சப்பிச் சப்பிக் குடித்தது. அதன் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

இவளை அவனிடமிருந்து பிடுங்கிவிட்டால்?

சாக விடுவது பாவம். ஆனால் பிழைக்க வைத்து, என்னுடையதாக ஆக்கிக்கொண்டு, அவன் திரும்பி வரும்போது அவன் கண் முன்னால் என் பின்னாலேயே அவளை ஓடி வரச் செய்தால்? அப்போது தெரியும் அவனுக்கு. கூடவே இருக்கும் ஒருத்தி நம்மைத் திரும்பிப் பார்க்காமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று.

அவன் மருத்துவமனையிலிருந்து நேராக மலையடிவாரத்து நலவிடுதிக்குப் போனான், நடக்கப் பழக. எனக்கு வேண்டிய அவகாசம் கிடைத்தது. தங்கம், செல்லம் எல்லாம் என் வாயில் வராது. "குடிடி கழுதை" என்றுதான் பால் கொடுப்பேன். "எழுந்திருடி கழுதை, வெயில் வந்தாச்சு" என்றுதான் எழுப்புவேன். வசவு என்று அதற்குத் தெரியுமா? குரல் கேட்டாலே காதை விறைத்துக்கொண்டு ஓடி வரும். வறுவல் சட்டிக்குப் பின்னால் என் காலடியில் படுத்துக்கொள்ளும். ஆப்பிள் தோல் சீவினால் சுருள் சுருளாக என் கையிலிருந்து இழுத்துத் தின்னும். ஆகஸ்ட் முடிவதற்குள் பாலை மறக்கடித்து, குருணைத் தீவனம் பழக்கி, மந்தையோடு சேர்த்துவிட்டேன். வேலிப் பக்கம் நான் வாளியோடு போனால் எல்லா மானுக்கும் முன்னால் அதுதான் நிற்கும். உள்ளங்கையை விரித்து நீட்டுவேன். ஈரமூக்கு முதலில், அப்புறம் அந்தச் சொரசொர நாக்கு. கூசும். சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொள்வேன்.

அதன் மேல் எனக்குப் பாசம் வந்துவிட்டதா என்று ஹெட்டி கேட்டாள். போய் வேலையைப் பார் என்றேன்.

மைனோல்ஃப் தினமும் போன் செய்தான். "என்னைத் தேடறாளா?"

"இல்லையே."

"கொஞ்சங்கூடவா?"

"கொஞ்சங்கூட இல்ல." பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. அதில் எனக்கு ஒரு தனிச் சுகம்.

செப்டம்பர் கடைசியில் வந்து இறங்கினான். இரண்டு ஊன்றுகோல். மகள் வாங்கி அனுப்பிய புது ஜாக்கெட், கடை மணம் போகாதது. வீட்டுக்குக்கூடப் போகாமல் டாக்ஸியை நேராகப் பூங்காவுக்கு விடச் சொல்லியிருக்கிறான். நான் மான் வாடை அடிக்கும் பழைய ஜாக்கெட்டோடு தீவன அறையிலிருந்து வாளியை எடுத்துக்கொண்டு வந்தபோது, அவன் வேலிக்குள் நின்றுகொண்டிருந்தான். ஹெட்டி கடையை அப்படியே விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க ஓடி வந்திருந்தாள்.

"எல்லி! எல்லிக்குட்டி! என் ராஜாத்தி!"

உள்ளங்கையில் ஆப்பிள் துண்டு. விடுதியிலேயே நறுக்கிக் கைக்குட்டையில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறான், ஓரமெல்லாம் பழுப்பாகிவிட்டிருந்தது. எல்லி தலையைத் தூக்கிப் பார்த்தாள். மூக்கை விரித்தாள். முன்காலைத் தரையில் தட்டி, இரண்டு எட்டு பின்னால் போனாள்.

"நான்தான்டி... என்னைத் தெரியலையா?"

நான் வாளியை ஆட்டினேன். "ஏய் கழுதை!"

அவ்வளவுதான். அவன் நீட்டிய கையைக் கடந்து, ஊன்றுகோலில் உரசிக்கொண்டு, துள்ளி ஓடி வந்து என் வயிற்றில் முட்டினாள். என் கையிலிருந்து சாப்பிட ஆரம்பித்தாள்.

"மைனோல்ஃப்!" என்று கத்தினாள் ஹெட்டி. "உன் பொண்டாட்டி உன் ஆளை மடக்கிட்டாடா!"

அவன் சிரிக்கவில்லை. கழுத்திலிருந்து சிவப்பு ஏறியது. தாடை இறுகியது. என்னை, என் கையை, கையில் அசையும் அந்த வாயை மாறி மாறிப் பார்த்தான்.

"என்ன பண்ணின அவளை?"

"பால் குடுத்தேன். நீதானே குடுக்கச் சொன்ன?"

"என்னைவிட உன்னைப் பிடிச்சிருக்கு அவளுக்கு."

"பிடிச்சிருக்குதான்."

அப்போது அவன் கண்ணில் பார்த்தேன். திருவிழாவில், பீர் மேசையில், எல்லோர் முன்னாலும் நான் தேடிய அதே எரிச்சல். முப்பது வருஷம் காத்திருந்து கடைசியில் என் புருஷன் பொறாமைப்பட்டுவிட்டான். ஆனால் எனக்காக இல்லை. என் மேல்.

அடப் பாவி மனுஷா! சிரிப்பு வந்தது, அழுகை வந்தது, இரண்டையும் இடித்துத் தள்ளிக்கொண்டு கோபம் முன்னால் வந்தது.

"இந்தா, அந்த ஜாக்கெட்டைக் குடு" என்றான்.

"இந்தாவா? அது யாரு? அப்படி ஒருத்தி இங்க இல்ல."

"விளையாடாத. குடு, எனக்கு வேணும்."

"எனக்கு ஒரு பேரு இருக்கு. பாதிரியார் வச்சது. அதைச் சொல்லிக் கேளு, தர்றேன்."

ஹெட்டி வாயில் கையை வைத்துக்கொண்டாள். அவன் தரையைப் பார்த்தான், மானைப் பார்த்தான். சுளுக்கிய காலைத் தரையில் ஊன்றுகிறவன் மாதிரி மெல்லச் சொன்னான்.

"வால்புர்கா." கொஞ்சம் நிறுத்தினான். "ஜாக்கெட்டைக் குடு, வால்புர்கா."

கொடுத்தேன். உடனே இல்லை. வாளி காலியாகும்வரை காக்க வைத்துவிட்டுத்தான்.

ஊன்றுகோலை வேலியில் சாய்த்துவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். புது ஜாக்கெட்டைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டு, பழையதை ஒவ்வொரு கையாக நானே மாட்டிவிட்டேன். காலரைத் தூக்கி மோந்து பார்த்தான். முகம் சுருங்கியது.

"இது என் வாசனையே இல்ல. உன் வாசனை அடிக்குது. வறுவல் எண்ணெய், சோப்பு, உன் தலை..."

"அடிக்கட்டும். உன்னை யாரு மோந்து பார்க்கச் சொன்னா?"

எல்லி கழுத்தை நீட்டினாள். ஜாக்கெட்டின் கையை மோந்தாள், முழங்கை வரைக்கும் மோந்துகொண்டே போனாள். திருப்தியாகி, அவன் உள்ளங்கையில் இருந்த பழுப்பு ஆப்பிளை எடுத்துக்கொண்டாள். அவன் கண் கலங்கியது. கை அவளுக்கு நீட்டியபடி இருந்தது. மூக்கு மட்டும் மறுபடி காலருக்குள் போயிற்று. இந்தத் தடவை முகம் சுருங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றான், வெகுநேரம்.

ஜாக்கெட் இல்லாமல் குளிரில் நின்றுகொண்டிருந்த எனக்கு மறுபடி வயிறு எரிந்தது. இந்தத் தடவை அந்த ஜாக்கெட்டின் மேல்.